வரிசையில் நிற்கும் பிள்ளைகள்

உடற்கல்விக் கல்லூரிக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் நன்றாக விளையாடியவர்கள். மாவட்டப் போட்டியில் ஓடி மெடல் வாங்கியவர், பல்கலைக்கழக அணிக்குக் கபடி ஆடியவர், ஊர்த் திருவிழா வாலிபால் போட்டிகளில் பெயர் எடுத்தவர் என்று வகுப்பில் பாதிக்கு மேல் அப்படித்தான் இருப்போம். சேர்க்கையின்போது விளையாட்டுச் சான்றிதழுக்கு மதிப்பெண் உண்டு. உடல்திறன் தேர்வில் ஓடிக் காட்ட வேண்டும், தாண்டிக் காட்ட வேண்டும், குண்டு எறிந்து காட்ட வேண்டும். இவ்வளவையும் கேட்டுவிட்டு உள்ளே விடும் படிப்பு, அதுவரை ஆடிய ஆட்டத்தின் தொடர்ச்சியாகத்தான் இருக்கும் என்று நினைப்பது இயல்பு. அந்த ஆண்டுகளைத் திரும்பிப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவது வேறு. எங்களுக்குச் சொல்லித்தரப்பட்டவற்றில் மிக மேலான பகுதி, ஆடத் தெரியாத, ஆட அஞ்சுகிற, மைதானத்தின் ஓரத்தில் ஒதுங்கி நிற்கிற பிள்ளையை ஆட்டத்துக்குள் கொண்டுவருவது பற்றியது. பாடத்திட்டத்தில் அதற்குக் கிடைத்த இடம் சிறியது. பள்ளிகளில் அதற்குக் கிடைத்திருக்கும் இடம் அதைவிடச் சிறியது. பயிற்றுநர் படிப்பின் நடுவில் இருக்க வேண்டியது அதுதான் என்று நான் நம்புகிறேன். அதற்கான காரணங்களைத்தான் இங்கே எழுதுகிறேன்.

படிப்பின் முதல் மாதங்கள் மைதானத்தை அளப்பதில் கழியும். விடியற்காலையில் ஸ்டீல் டேப், முளைக்குச்சி, நைலான் கயிறு, சுண்ணாம்புத் தூள் வாளி ஆகியவற்றோடு இறங்கினால், 400 மீட்டர் டிராக் போட்டு முடிக்க வெயில் ஏறிவிடும். நேர்ப்பகுதி 84.39 மீட்டர். வளைவின் ஆரம் 36.50 மீட்டர். ஓட்டக்காரர் உள்விளிம்பை ஒட்டியே ஓடமாட்டார் என்பதால், முதல் லேனை விளிம்பிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளித்தான் கணக்கிட வேண்டும். லேனின் அகலம் 1.22 மீட்டர். வெளி லேனில் ஓடுகிறவருக்கு வளைவு நீளும். அதை ஈடுகட்ட இரண்டாம் லேன்காரரை 7.04 மீட்டர் முன்னால் நிறுத்த வேண்டும். அதற்கப்பால் ஒவ்வொரு லேனுக்கும் 7.67 மீட்டர் கூடிக்கொண்டே போகும். எட்டாம் லேனில் நிற்பவர் ஏறத்தாழ 53 மீட்டர் முன்னால் நிற்பார். முதல்முறை பார்க்கும் பார்வையாளருக்கு அது அநியாயமாகப் படும். கணக்குத் தெரிந்தவருக்கு அதுதான் நியாயம். எல்லாரையும் ஒரே கோட்டில் நிறுத்துவது சமமான போட்டி ஆகாது என்பதை இந்த ஸ்டாகர் கணக்கைப்போலத் தெளிவாகச் சொல்லும் பாடம் எங்கள் படிப்பில் வேறில்லை. சுண்ணாம்புக் கோட்டில் சென்டிமீட்டருக்குச் சென்டிமீட்டர் கடைப்பிடிக்கும் அந்த நியாயத்தைப் பிள்ளைகளின் உடம்பு என்று வரும்போது நாம் மறந்துவிடுகிறோம்.

பதின்மூன்று வயதுப் பையன்கள் இருவரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவனுக்கு மீசை அரும்பிவிட்டது, தோள் விரிந்துவிட்டது. இன்னொருவன் இன்னும் சின்னப் பையனின் உடம்போடு இருக்கிறான். பிறந்த தேதி ஒரே மாதத்தில் இருக்கலாம். ஆனால் எலும்பும் தசையும் எட்டியிருக்கும் வளர்ச்சியில் இருவருக்கும் இடையே இரண்டு மூன்று ஆண்டுகள்கூட வித்தியாசம் இருக்க முடியும். பெண்பிள்ளைகளுக்கு உயரம் மிக வேகமாகக் கூடும் காலம் சராசரியாகப் பன்னிரண்டு வயதை ஒட்டி வருகிறது, ஆண்பிள்ளைகளுக்குப் பதினான்கை ஒட்டி. சராசரி என்பதால், அதற்கு முன்னும் பின்னும் வருகிறவர்கள் ஏராளம். பதினான்கு வயதுக்குட்பட்டோர் அணிக்கு ஆள் தேர்வு செய்யும் நாளில் முதல் பையன் குண்டைத் தூர எறிவான், நூறு மீட்டரில் முன்னால் வருவான். அவனை எடுத்துக்கொண்டு இரண்டாமவனை அனுப்பிவிடுகிறோம். அதற்குத் திறமை என்றும் பெயர் வைத்துவிடுகிறோம். கனடாவின் இளையோர் ஐஸ் ஹாக்கி அணிகளை ஆராய்ந்தவர்கள், ஆண்டின் தொடக்க மாதங்களில் பிறந்தவர்களே அவற்றில் மிகுதியாக இருப்பதை 1985இலேயே எடுத்துக்காட்டினார்கள். அங்கே வயதுக் கணக்கு ஜனவரி முதல் தேதியில் தொடங்குகிறது. சில மாதங்கள் மூத்தவன் கொஞ்சம் பெரியவனாக இருக்கிறான், தேர்வாகிறான், நல்ல பயிற்சியும் கூடுதல் ஆட்டமும் கிடைத்து உண்மையிலேயே தேர்ந்துவிடுகிறான். பிந்திப் பிறந்தவன் பதினொரு வயதிலேயே தனக்கு ஆட்டம் வராது என்று முடிவுகட்டிக்கொள்கிறான். தேர்வாளர் கண்ணில் பட்டது அன்றைய உயரமும் எடையும். பிந்தி வளரும் பிள்ளை பதினேழு வயதில் முந்தியவனை எட்டிப் பிடிப்பது சாதாரணமாக நடக்கிறது. அதுவரை அவனை மைதானத்தில் வைத்திருக்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளை உருவாக்குவதற்குத்தான் கல்லூரி இருக்கிறது.

இதற்கான பயிற்சி டீச்சிங் பிராக்டீஸில் தொடங்கும். பக்கத்துப் பள்ளிக்கு லெசன் பிளான் நோட்டோடு போய், நாற்பது பிள்ளைகளுக்கு நாற்பது நிமிட வகுப்பு எடுக்க வேண்டும். மேற்பார்வையாளர் ஓரமாக நின்று குறிப்பெடுப்பார். சக மாணவர்களும் கவனித்து எழுதுவார்கள். நீளம் தாண்டுதல் பாடம் என்று வைத்துக்கொள்வோம். வரிசை, அட்டென்டன்ஸ், வார்ம்-அப் எல்லாம் முடியப் பத்து நிமிடம் போய்விடும். மிச்சம் முப்பது. ஒருவர் ஓடிவந்து தாண்டி, எழுந்து, மணலைச் சமப்படுத்தி, அடுத்தவர் தயாராவதற்கு அரை நிமிடம். நாற்பது பேருக்கு ஒரு சுற்று வர இருபது நிமிடம். ஆக, ஒரு பிள்ளைக்கு அன்று கிடைப்பது ஒரு தாண்டல். அதிர்ஷ்டம் இருந்தால் இரண்டு. உடம்பு அசைந்த நேரம் பத்து விநாடிகூட இராது. மிச்ச நேரமெல்லாம் அந்தப் பிள்ளை வரிசையில் நின்றது, முன்னால் நிற்பவனின் முதுகைப் பார்த்தது, பின்னால் நிற்பவனோடு சண்டை போட்டது. அந்தச் சண்டைக்காக விசில் ஊதி அதட்டலும் வாங்கியிருக்கும். பள்ளிகளில் ஒழுங்கின்மை என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி, செய்வதற்கு ஒன்றுமில்லாமல் பிள்ளைகளை நிற்க வைத்ததால் வந்தது என்பது என் முடிவு. வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு இந்த வகுப்பு நேர்த்தியாகத் தெரியும். வரிசை கோணாமல் இருக்கிறது, ஒருவர்பின் ஒருவராகத் தாண்டுகிறார்கள், ஆசிரியர் குழி அருகே நின்று திருத்துகிறார். தாண்டாமல் நிற்கும் முப்பத்தொன்பது பேரைப் பார்க்கப் பழகிய கண்ணுக்குத்தான் அதன் குறை பிடிபடும்.

உயரம் தாண்டுதலில் இதை இன்னும் கிட்டே பார்க்கலாம். வழக்கமான முறையில் கயிறு கிடைமட்டமாகக் கட்டப்படும். எல்லாரும் தாண்டுவார்கள். கயிற்றை உயர்த்துவார்கள். தாண்ட முடியாதவர் அவுட். இன்னும் உயர்த்துவார்கள், இன்னும் சிலர் அவுட். கடைசியில் இரண்டு மூன்று பேர் தாண்டிக்கொண்டிருக்க, வகுப்பே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும். பயிற்சி யாருக்கு மிக அதிகமாகத் தேவையோ அவர்தான் முதலில் உட்கார்கிறார். உடற்கல்வி கற்பித்தலை ஆராய்ந்த மஸ்கா மோஸ்டன் என்பவர் 1966இல் வெளியிட்ட நூலின் வழியாகப் பரவிய மாற்று வழிக்குச் செலவே இல்லை. அதே கயிற்றின் ஒரு முனையைத் தாழ்வாகவும் மறுமுனையை உயரமாகவும் சாய்த்துப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான். ஒவ்வொரு பிள்ளையும் தனக்கு ஏற்ற இடத்தில் தாண்டலாம். முடிந்தால் அடுத்த முறை ஓர் அடி தள்ளிப்போய் இன்னும் உயரமான இடத்தில் முயலலாம். யாரும் அவுட் இல்லை. கயிற்றின் நீளம் முழுவதும் பயன்படுவதால் ஒரே நேரத்தில் பல பேர் தாண்டலாம். உயரத்தைத் தேர்ந்தெடுப்பது பிள்ளை, ஆகவே தன் உடம்பைத் தானே எடைபோடக் கற்கிறது. ஓரத்தில் நின்ற சிறுமி முதலில் மிகத் தாழ்வான முனையில் ஒருமுறை தாண்டிப் பார்ப்பாள்; யாரும் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் இரண்டாம் முறை ஓர் அடி தள்ளி நிற்பாள். அந்த ஓர் அடியைக் கவனிக்கத் தெரிந்தவரையே நான் பயிற்றுநர் என்பேன்.

போட்டி நடத்தும் முறையிலும் இதே சிக்கல்தான். ஃபிக்சர் போடுவது, அதாவது ஆட்ட அட்டவணை தயாரிப்பது, எங்கள் பாடங்களில் ஒன்று. பதினோரு அணிகள் வந்தால் நாக்-அவுட் முறையில் ஐந்து அணிகளுக்குப் பை கொடுத்து, அதாவது முதல் சுற்றில் ஆடாமலே அடுத்த சுற்றுக்கு அனுப்பி, பத்து ஆட்டங்களில் போட்டியை முடித்துவிடலாம். லீக் முறையில் ஆடினால் ஐம்பத்தைந்து ஆட்டங்கள். மைதானமும் நேரமும் நடுவர்களும் குறைவு என்பதால் பள்ளிப் போட்டிகளில் நாக்-அவுட்டே வழக்கமாகிவிட்டது. பதினாறு அணிகள் வரும் போட்டியில் எட்டு அணிகள் ஒரே ஓர் ஆட்டத்தோடு ஊர் திரும்பும். எது பலவீனமான அணியோ, எதற்கு ஆட்ட அனுபவம் மிகக் குறைவோ, அதற்குத்தான் மிகக் குறைந்த ஆட்டம் கிடைக்கிறது. தொலைவிலிருந்து பஸ் ஏறி வந்து, இருபது நிமிடம் கபடி ஆடித் தோற்று, மதியச் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு திரும்பிப் போகும் பிள்ளைகளுக்கு அடுத்த ஆண்டு வருவதற்கு என்ன காரணம் மிச்சம் இருக்கும்? நாலு நாலு அணிகளாகப் பிரித்து முதலில் லீக் ஆடவிட்டால், ஒவ்வொரு அணிக்கும் மூன்று ஆட்டமாவது உறுதி. ஆட்ட நேரத்தைச் சற்றுக் குறைத்தால் ஒரே நாளில் முடித்துவிடவும் முடியும்.

இப்படிச் சொன்னதும் எழும் முதல் மறுப்பு எனக்குத் தெரியும். பயிற்றுநரின் வேலை ஜெயிக்க வைப்பது. நாடு மெடல் கேட்கிறது, பள்ளி ஷீல்டு கேட்கிறது. எல்லாரையும் ஆடவைத்துக்கொண்டிருந்தால் சாம்பியன் எங்கிருந்து வருவார்? இந்தக் கேள்வி நியாயமானது. உச்சநிலைப் பயிற்சி தனித்துறை, அதற்குத் தனி அறிவு வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. பட்டியாலாவின் மோதிபாக் அரண்மனையில் 1961இல் தொடங்கிய தேசிய விளையாட்டு நிறுவனம் அதற்காகத்தான் ஏற்பட்டது, என்.ஐ.எஸ். முடித்தவர் என்றால் மைதானத்தில் இன்றும் தனி மரியாதை இருக்கிறது. ஆனால் அங்கே டிப்ளமா பெற்ற ஒருவரின் கதையே என் பக்கம் சாட்சி சொல்கிறது. விமானப்படையில் பணியாற்றிய ஓ.எம்.நம்பியாருக்கு இந்தியாவுக்காகச் சர்வதேசப் போட்டியில் ஓடும் வாய்ப்புக் கிடைக்கவே இல்லை. கண்ணூர் விளையாட்டுப் பிரிவில் அவர் கண்டெடுத்த பி.டி.உஷா அப்போது ஒல்லியான பள்ளிச் சிறுமி. 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடையோட்டத்தை 55.42 விநாடியில் முடித்த உஷா, ஒரு விநாடியில் நூறில் ஒரு பங்கில் வெண்கலத்தைத் தவறவிட்டார். அடுத்த ஆண்டு பயிற்றுநர்களுக்கான துரோணாச்சாரியார் விருது தொடங்கப்பட்டபோது அதை முதலில் பெற்ற மூவரில் நம்பியாரும் ஒருவர். வலுவான உடம்பை மட்டும் தேடியிருந்தால் அந்தச் சிறுமி அவர் கண்ணில் பட்டிருக்கமாட்டார். உடம்பின் வலுவைத் தாண்டிப் பார்த்ததனால்தான் பட்டார். அடித்தளம் அகலமாக இருக்கும் நாட்டில்தான் சாம்பியனைத் தேடுவதற்கே இடம் உண்டு.

இன்னொரு மறுப்பு, பெரிய ஆட்டக்காரர்கள்தான் பெரிய பயிற்றுநர்கள் ஆகிறார்கள் என்பது. 2001இல் ஆல் இங்கிலாந்து பாட்மிண்டன் பட்டம் வென்ற கோபிசந்தை உதாரணம் காட்டுவார்கள். அவரிடம் பயின்றவர்கள் ஒலிம்பிக்கில் பதக்கங்கள் வாங்கியிருக்கிறார்கள். அந்த உழைப்புக்கு முன்னால் தலைவணங்க வேண்டும். ஆனால் கோபிசந்துக்கே பயிற்சி அளித்த எஸ்.எம்.ஆரிஃப் உலகப் பட்டங்கள் வென்றவர் அல்லர். டெண்டுல்கரை உருவாக்கிய ரமாகாந்த் அச்ரேக்கர் ஆடிய முதல்தரப் போட்டி ஒன்றே ஒன்று. இயல்பாக எல்லாம் வந்துவிட்ட ஆட்டக்காரருக்கு, வராதவனுக்கு ஏன் வரவில்லை என்பதைப் பிரித்துப் பார்ப்பது பெரும்பாலும் கடினமாக இருக்கிறது. "இப்படி அடி" என்று அடித்துக் காட்டுவார். அதற்குமேல் சொல்லத் தெரியாது. ஓவர்-ஆர்மில் பந்தெறியத் தெரியாத பிள்ளையிடம் தவறு கையில் இருக்கிறதா, இடுப்புத் திரும்பாததில் இருக்கிறதா, எறியும் கையின் பக்கத்துக் காலையே முன்வைப்பதில் இருக்கிறதா என்று பார்ப்பதற்குத் தனிப் பயிற்சி வேண்டும். ஆரம்பத்தில் எறிகிறவர்கள் பெரும்பாலும் அந்தக் காலைத்தான் முன்வைக்கிறார்கள். எதிர்க்காலை முன்வைக்கச் சொன்னால் இடுப்புத் தானாகத் திரும்பும், பந்து இரண்டு மடங்கு தூரம் போகக்கூடும். பயோமெக்கானிக்ஸ் தாள் எங்களுக்கு மனப்பாடத் தேர்வாகத்தான் பெரும்பாலும் வந்தது. மைதானத்தில் ஒரு பிள்ளையின் காலைப் பார்க்கும்போதுதான் அது உயிர் பெற்றது.

சென்னையில் ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் 1920இல் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். ஆசியாவிலேயே இந்த வகையில் முதலாவது என்று போற்றப்படும் கல்லூரி அது. 1924இல் பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் போன இந்திய அணிக்கு மேலாளராகச் சென்றவரும் இதே பக்தான். ஒலிம்பிக் அணியை நடத்திச் சென்றவர் தன் வாழ்நாளை வைத்தது பள்ளிகளுக்கு உடற்கல்வி ஆசிரியர்களை உருவாக்குவதில். உச்சிக்கும் அடித்தளத்துக்கும் பகை இருப்பதாக அவர் நினைக்கவில்லை. நூறாண்டு கழித்து நாம்தான் அந்த இரண்டையும் பிரித்து, ஒன்றுக்குப் பணத்தையும் மற்றதற்கு மிச்சத்தையும் கொடுக்கிறோம்.

மிச்சம் எவ்வளவு என்று சட்டத்திலேயே பார்க்கலாம். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஒவ்வொரு பள்ளிக்கும் விளையாட்டு மைதானம் வேண்டும் என்கிறது. ஆறு முதல் எட்டாம் வகுப்புகளில் நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் உடல்நலம், உடற்கல்விக்கு ஆசிரியர் வேண்டும் என்றும் சொல்கிறது. ஆனால் அவர் பகுதிநேரப் பயிற்றுநர். தமிழ்நாட்டில் 2012இல் உடற்கல்வி, ஓவியம், தையல் போன்ற பாடங்களுக்குப் பகுதிநேர ஆசிரியர்கள் நியமிக்கப்பட்டபோது தொடக்க ஊதியம் மாதம் 5,000 ரூபாய். முழுநேரப் பணியில் இருக்கும் பி.இ.டி. சாருக்கும் பிரேயர் ஒழுங்கு, தாமதமாக வருவோரைப் பிடிப்பது, விழா ஏற்பாடு என்று வேலைகள் குவிந்து கிடக்கும். பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் பி.டி. பீரியடைக் கணக்கு ஆசிரியர் எடுத்துக்கொள்வது ஊரறிந்த வழக்கம். இந்த நிலையில் சாய்ந்த கயிறு, சின்ன லீக் என்றெல்லாம் பேசுவது கல்லூரி வளாகத்துக்குள் மட்டும் செல்லுபடியாகும் கனவு என்று சொல்லும் நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்கள் சொல்லும் தடைகள் அத்தனையும் உண்மை. ஆனால் நான் மேலே சொன்ன எதற்கும் புதிய கட்டடமோ செயற்கைத் தளமோ வேண்டாம். கயிறு, சுண்ணாம்பு, பார்க்கப் பழகிய ஓர் ஆள் போதும். வசதி குறைந்த பள்ளிக்குத்தான் அந்த ஆள் அதிகமாகத் தேவை.

தேவை எவ்வளவு அவசரமானது என்பதற்கு உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குகளே போதும். ஐந்து முதல் பதினேழு வயது வரை உள்ளவர்கள் சராசரியாக நாளுக்கு அறுபது நிமிடமாவது மூச்சு வாங்கும்படி உடல் உழைக்க வேண்டும் என்கிறது அதன் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல். உலகில் பதினொன்று முதல் பதினேழு வயது வரை உள்ள பிள்ளைகளில் 81 சதவீதம் பேர் அந்த அளவை எட்டவில்லை. பெரியவர்களின் நிலையை ஆராய்ந்து 2024இல் வெளியான மதிப்பீட்டின்படி இந்தியாவில் ஏறத்தாழப் பாதிப் பேர் போதிய உடலசைவு இல்லாதவர்கள். பெண்களில் 57 சதவீதம், ஆண்களில் 42 சதவீதம். இந்த இடைவெளி பள்ளி மைதானத்தில்தான் தொடங்குகிறது என்று நான் நினைக்கிறேன். எட்டாம் வகுப்பில் மரத்தடியில் உட்காரத் தொடங்கும் பெண்பிள்ளை அதற்குப்பின் எழுந்து வருவதில்லை. சீருடை ஓடத் தோதாக இல்லை, மாற்ற இடமில்லை, நல்ல கழிப்பறை இல்லை, மைதானத்தின் நடுப்பகுதி முழுவதும் பையன்களின் கிரிக்கெட். யாரும் அவளைப் போகச் சொல்லவில்லை. வரச் சொல்லவும் ஆள் இல்லை. அவளை அழைக்கும் வழி எங்கள் படிப்பில் ஒரு தனித் தாளாக இருந்ததில்லை. பெண் மாணவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டதிலிருந்துதான் மற்றவர்கள் தெரிந்துகொண்டோம்.

எங்கள் உடற்கல்விப் பட்டமான பி.பி.எட். இப்போது இரண்டு ஆண்டுப் படிப்பாகிவிட்டது. கூடுதலாகக் கிடைத்த காலத்தைத் தாள்களால் நிரப்பாமல், டீச்சிங் பிராக்டீஸுக்குக் கொடுக்கலாம். அதுவும் ஒரே பள்ளியில், ஒரே வகுப்போடு, ஓர் ஆண்டு முழுக்க. அப்போதுதான் பிந்தி வளரும் பிள்ளை வளர்வதை மாணவர் கண்ணால் பார்க்க முடியும். மதிப்பெண் போடுகிறவர்கள் மாணவரின் விசிலையும் வரிசை நேர்த்தியையும் பார்ப்பதோடு, கையில் ஸ்டாப் வாட்ச் வைத்துக்கொண்டு, வகுப்பிலேயே மிகத் தயங்கும் பிள்ளை ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அது எத்தனை நிமிடம் உண்மையில் அசைந்தது என்று அளக்க வேண்டும். பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். பள்ளியின் ஷீல்டுகளைப் பார்த்துவிட்டுத் திருப்தி அடையாதீர்கள். பி.டி. பீரியட் உள்ள நாளில் உங்கள் பிள்ளை வீடு திரும்பியதும், இன்று பந்து எத்தனை முறை உன் கைக்கு வந்தது என்று கேளுங்கள். ஒருமுறைகூட வரவில்லை என்றால், அடுத்த பெற்றோர் கூட்டத்தில் கணக்கு மதிப்பெண்ணைப் பற்றிக் கேட்கும் அதே உரிமையோடு அதைப் பற்றியும் கேளுங்கள்.